பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் கிருமி: நொதிகள் அழற்சியை மூட்டுகின்றனவா, மூடி வைக்கின்றனவா?

சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. பிறந்து இரண்டாம் நாள் குழந்தை. சரியாகப் பால் குடிக்கவில்லை, உடம்பு லேசாகச் சில்லிட்டிருந்தது, அவ்வளவுதான். முதல் ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி (அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) இயல்பாக இருந்தது. மறுநாள் சிஆர்பி எகிறியது, ரத்த அழுத்தம் சரிந்தது, பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில்) குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா வளர்ந்தது. "பாக்டீரியா நொதிகளைச் சுரக்கும், அவை திசுவைச் சிதைக்கும், அதனால் அழற்சி வரும் என்றுதான் படித்தோம். அப்படியானால் முதல் நாள் ஏன் ஒன்றும் தெரியவில்லை? அன்று அந்த நொதிகள் என்ன செய்துகொண்டிருந்தன?" என்று கேட்டிருந்தார். ரத்த அழுத்தம் ஏன் சரிந்தது என்பதையும் குறிப்பாகக் கேட்டிருந்தார்.

அன்றும் அவை சும்மா இருக்கவில்லை. தீ மூட்டும் வேலையைவிட, தீ பற்றியது வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைத்தான் அன்று அதிகம் செய்தன. பாடப்புத்தகத்தில் இருக்கும் "நொதி, சிதைவு, அழற்சி" என்ற வரிசை பொய் இல்லை. ஆனால் பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் நடப்பதில் அது பிற்பாதி மட்டும். முற்பாதியைத் தெரிந்துகொண்டால்தான் பிற்பாதி ஏன் அவ்வளவு மூர்க்கமாக வருகிறது என்பது புரியும்.

முதலில் ஒரு சொல் தெளிவு. கிருமி வெளிவிடும் கேடான பொருள் எல்லாம் நொதி ஆகாது. சில நச்சுகள் உயிரணுச் சவ்வில் ஓட்டை போடும், அத்தோடு அவற்றின் வேலை முடிந்தது. நொதி அப்படியல்ல. ஒரு மூலக்கூறை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும், அதை வெட்டிவிட்டு இன்னொன்றுக்குப் போகும், தான் மட்டும் தேய்வதில்லை. அதனால் மிகச் சிறிய அளவே பெரிய மாற்றத்துக்குப் போதும். சில கிலோ எடையுள்ள உடம்பில், கொஞ்சமே ரத்தம் ஓடும் இடத்தில், இது அற்ப விஷயம் இல்லை.

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியது மாணவர்கள் மட்டுமல்ல, ஆய்வாளர்களும்தான். குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (இனி ஜிபிஎஸ்) சிவப்பணுக்களை உடைக்கும் என்பது எப்போதோ தெரியும். கிருமி வளர்க்கும் ரத்த அகார் தட்டில் காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் விழுவது அதனால்தான். அப்படி உடைப்பது சைல்-இ என்னும் புரதம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2013இல் சியாட்டிலில் லட்சுமி ராஜகோபாலின் ஆய்வுக்குழு, உடைப்பது புரதமே அல்ல, அந்தக் கிருமிக்கு ஆரஞ்சு நிறம் தரும் கொழுப்பு நிறமிதான் என்று காட்டியது. சைல்-இ அந்த நிறமியைத் தயாரிக்கத் தேவைப்படும் நொதி. நச்சு வேறு, நச்சைச் செய்யும் நொதி வேறு. இந்த வேறுபாடு கீழே மறுபடி வரும்.

இனி, குழந்தை எந்த நிலையில் இந்தக் கிருமியைச் சந்திக்கிறது என்று பார்ப்போம். பிறந்த குழந்தையின் எதிர்ப்பாற்றல் "வளராதது" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. அது வேண்டுமென்றே அடக்கி வைக்கப்பட்டது. தாயின் வயிற்றில் இருந்தவரை எதற்கெடுத்தாலும் கொந்தளிக்கும் எதிர்ப்பாற்றல் கர்ப்பத்துக்கே ஆபத்து. பிறந்த கையோடு குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியேற வேண்டியிருக்கிறது. அவை ஒவ்வொன்றின் மீதும் போர் தொடுத்தால் குழந்தை தாங்காது. ஆகவே பல அடக்கிகள் இயல்பாகவே ரத்தத்தில் ஓடுகின்றன. அவற்றில் முக்கியமானது அடினோசின். தொப்புள்கொடி ரத்தத்தில் அதன் அளவு பெரியவர்களின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். பாஸ்டனில் ஓஃபர் லெவியின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிருமியின் அடையாளத்தைக் கண்டதும் மோனோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் சுரக்க வேண்டிய டிஎன்எஃப் என்னும் சைட்டோகைனை (எதிர்ப்பாற்றல் உயிரணுக்கள் செய்தி அனுப்பும் புரதத்தை) இந்த அடினோசின் குறைத்துவிடுகிறது. ஆனால் இன்டர்லூக்கின்-6 என்னும் இன்னொரு சைட்டோகைன் சுரப்பதைத் தடுப்பதில்லை. அபாயமணிகளில் ஒன்றை மட்டும் துணி சுற்றி வைத்ததுபோல.

இதோடு, ரத்தத்தில் மிதந்து கிருமியைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் பெரியவர்களின் அளவில் ஏறத்தாழப் பாதிதான். கிருமியின் சவ்வில் கடைசித் துளை போட வேண்டிய சி9 அதைவிடவும் குறைவு. எலும்பு மஜ்ஜையில் கிருமியை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளணுவான நியூட்ரோஃபிலின் கையிருப்பு சிறியது, ஒரு பெரிய தொற்று வந்தால் சீக்கிரமே தீர்ந்துவிடும். தாயின் ஐஜிஜி எதிர்ப்பொருள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் பெருமளவு நஞ்சுக்கொடியைக் கடந்து வருகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அதுவும் முழுதாகக் கிடைத்திருக்காது.

இப்படி ஏற்கெனவே தாழ்ந்த குரலில் பேசும் உடம்பில் புகுந்து அந்தக் குரலையும் அடைக்கும் நொதிகளைக் கையில் வைத்திருப்பதுதான் ஜிபிஎஸ்ஸின் சாமர்த்தியம்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது அதன் ஹயலூரானிடேஸ். ஹயலூரானிக் அமிலம் நம் திசுக்களின் இடைவெளியை நிரப்பும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. காயத்திலோ தொற்றிலோ அது நடுத்தரத் துண்டுகளாக உடைந்தால், "இங்கே சேதம்" என்ற செய்தியாக உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். உயிரணுக்களின் மேலுள்ள டிஎல்ஆர்-2, டிஎல்ஆர்-4 என்னும் உணரிகள் அந்தத் துண்டுகளைப் பிடித்து அழற்சியைத் தொடங்கிவைக்கும். எனவே இச்சங்கிலியை வெட்டும் நொதி அழற்சியைக் கூட்டத்தான் வேண்டும் என்றே யாரும் நினைப்பார்கள். ஜிபிஎஸ்ஸின் நொதி செய்வது வேறு. துண்டுகளோடு நிற்காமல், இரண்டே இரண்டு சர்க்கரை அலகுகள் மிஞ்சும்வரை பொடிப்பொடியாக நறுக்குகிறது. இந்தப் பொடிகளும் அதே உணரிகளில் போய் ஒட்டுகின்றன, ஆனால் அவற்றைத் தூண்டுவதில்லை. பூட்டில் உடைந்த சாவியைச் செருகி வைத்ததுபோல் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அதன்பின் உண்மையான சேதத் துண்டு வந்தாலும், பாக்டீரியாவின் சொந்த அடையாளமே வந்தாலும், உணரி சரியாகப் பதில் தராது. இது 2015இல் எலிகளில் காட்டப்பட்டது. பின்னர் குரங்குகளில் செய்த ஆய்வில், இந்த நொதி உள்ள கிருமி நியூட்ரோஃபில்களின் வேலையைக் கெடுத்து, கருப்பைக்குள் ஏறிக் குறைமாதப் பிரசவத்துக்கும் வழிசெய்வது தெரிந்தது. அதாவது குழந்தை பிறப்பதற்கு முன்பே இந்த நொதியின் கைவரிசை ஆரம்பித்துவிடலாம்.

இதே நொதிக்கு ஒரு பழைய கதை உண்டு. நோயுற்ற சிசுக்களிடமிருந்து எடுத்த ஜிபிஎஸ் வகைகள் நியூராமினிடேஸ் என்னும் நொதியை அதிகம் சுரக்கின்றன என்று 1970களில் எழுதினார்கள். 1993இல் அதைச் சுத்திகரித்துப் பார்த்தபோது அது நியூராமினிடேஸ் அல்ல, ஹயலூரானிடேஸ் என்று தெரியவந்தது. அதிகம் சுரக்கும் கிருமிக்கும் கடுமையான நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற கவனிப்பு சரி, நொதிக்கு வைத்த பெயர்தான் தவறு. பழைய நூல்களில் படித்துவிட்டு இன்னும் சிலர் அந்தப் பெயரையே சொல்வதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

அடுத்தது சி5ஏ பெப்டிடேஸ். காம்ப்ளிமென்ட் தூண்டப்படும்போது சி5ஏ என்ற சிறு துண்டு உண்டாகும். நியூட்ரோஃபில்களை "இந்தப் பக்கம் வா" என்று அழைக்கும் வாசனை அதுதான். ஜிபிஎஸ்ஸின் மேற்பரப்பில் இருக்கும் இந்த நொதி சி5ஏயின் வால்பகுதியை நறுக்கிவிடுகிறது. வால் போனால் அழைப்பும் போயிற்று. காம்ப்ளிமென்ட்டே பாதியளவு உள்ள குழந்தையில், உண்டாகும் கொஞ்சநஞ்சத்தையும் நறுக்குவதன் விளைவு என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சிஎஸ்பிஏ என்னும் இன்னொரு புரத நொதி, நியூட்ரோஃபில்களை அழைக்கும் வேறு சில கீமோகைன்களையும் வெட்டுகிறது.

அழைப்பு அறுந்தும் வந்து சேரும் நியூட்ரோஃபில்களுக்குக் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. தன் டிஎன்ஏவையே வலையாக வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும். இந்த வலைகள் 2004இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. ஜிபிஎஸ்ஸும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸும் டிஎன்ஏவை வெட்டும் நியூக்ளியேஸ் நொதியைச் சுரந்து வலையை அறுத்துக்கொண்டு வெளியேறுகின்றன. பிறந்த குழந்தையின் நியூட்ரோஃபில்களுக்கோ வலை வீசும் திறனே முதல் சில நாட்களில் குறைவு. தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ள ஒரு சிறு புரதத் துண்டு வலை உருவாவதைத் தடுத்து வைக்கிறது, பிறந்த சில நாட்களில் அது மறைகிறது. ஆக வலையே அரிது, அதுவும் அறுபடுகிறது.

ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் நியூக்ளியேஸ் வலையை வெட்டிப் போட்ட துண்டுகளை, அட்ஸ்-ஏ என்னும் இன்னொரு நொதி டீஆக்ஸி-அடினோசினாக மாற்றுகிறது. அது கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் உயிரணுக்களைத் தற்கொலைக்குத் தள்ளும் என்று 2013இல் சிகாகோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாம் வீசிய வலையிலிருந்தே நம் ஆளைக் கொல்லும் நஞ்சு. அதே அட்ஸ்-ஏ, சிதைந்த உயிரணுக்களிலிருந்து வெளிவரும் நியூக்ளியோடைடுகளை அடினோசினாகவும் மாற்றும். ஜிபிஎஸ்ஸிடமும் இதே வகையில் நட்-பி என்ற நொதி இருக்கிறது. அது இருக்கும் கிருமி ரத்தத்தில் அதிக நாள் பிழைக்கிறது.

இங்கே சற்று நின்று யோசியுங்கள். உயிரணு சிதைந்தால் வெளிவரும் ஏடிபி (உயிரணுக்களின் ஆற்றல் மூலக்கூறு, ஒரு நியூக்ளியோடைடு) ஒரு வலுவான அபாயக்குறி. அடினோசின் அதற்கு நேர்மாறான அமைதிக்குறி. கிருமியின் நொதி முன்னதைப் பின்னதாக மாற்றுகிறது, அதுவும் அடினோசின் ஏற்கெனவே மிகுந்திருக்கும் குழந்தையின் ரத்தத்தில். பெரியவர்களில் இந்த நொதிகளுக்கு இருக்கும் பலனைவிடக் குழந்தையில் கூடுதல் பலன் இருக்கும் என்று நான் கருதுவது இதனால்தான். சிசுக்களில் இதை நேரடியாக அளப்பது கடினம். மேலே சொன்ன பலவும் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் கண்டவை, எலிக்குட்டி மனிதக் குழந்தை ஆகாது. ஆனாலும் தனித்தனியே வெவ்வேறு குழுக்கள் கண்டுபிடித்த நொதிகள் அத்தனையும் ஒரே திசையில் இழுப்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இன்னும் இரண்டைச் சொல்லி இந்தப் பகுதியை முடித்துக்கொள்கிறேன். ஜிபிஎஸ் தன் உள்விவகாரங்களுக்காக சைக்ளிக்-டை-ஏஎம்பி என்னும் மூலக்கூறைச் செய்கிறது. அது வெளியே கசிந்தால் நம் உயிரணுக்களின் ஸ்டிங் என்னும் உணரி கண்டுபிடித்து இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தைச் சுரக்கவைக்கும். சிடிஎன்-பி என்ற நொதியைத் தன் மேற்பரப்பில் வைத்து, கசிந்ததை அங்கேயே சிதைத்துவிடுகிறது கிருமி. தடயத்தைத் துடைக்கும் வேலை. மற்றொன்று ஜிஏபிடிஎச். ஏறத்தாழ எல்லா உயிர்களும் சர்க்கரையைச் சிதைக்கப் பயன்படுத்தும் சாதாரண நொதி இது. ஆனால் ஜிபிஎஸ்ஸிலிருந்து வெளியே வந்ததும் அது இன்டர்லூக்கின்-10 என்ற அடக்கும் சைட்டோகைனை விரைவாகச் சுரக்கத் தூண்டுகிறது. 2011இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் எலிக்குட்டிகளில் இந்த நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கொடுத்து அவற்றைக் காப்பாற்றிக் காட்டினார்கள். இங்கே நொதி எதையும் வெட்டவில்லை, தன் இருப்பாலேயே குழப்பம் செய்கிறது. நொதி என்றாலே கத்தரிக்கோல் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

சரி, இவ்வளவு அமைதிப்படுத்தும் வேலை நடக்கும்போது மறுநாள் எப்படிப் பற்றி எரிகிறது?

முதல் காரணம் எண்ணிக்கை. தடுப்பார் இல்லாமல் பெருகும் பாக்டீரியா, சாதகமான சூழலில் அரைமணி, ஒருமணிக்கு ஒருமுறை இரட்டிக்கும். முதல் நாள் மறைத்து வைத்த அபாயக்குறி ஆயிரம் கிருமிகளுடையது என்றால், அடுத்த நாள் மறைக்க வேண்டியது கோடிகளுடையது. எந்த நொதியாலும் அத்தனையையும் மூட முடியாது. பெருகிய கிருமிகளில் ஒரு பங்கு செத்து உடைந்துகொண்டும் இருக்கும். அந்த உடைசல்கள்தான் பெருந்தீக்கு விறகு.

அந்த விறகைச் செய்வதும் நொதிகளே என்பதுதான் இதில் வேடிக்கையான, வேதனையான விஷயம். ஜிபிஎஸ் தன் மேற்பரப்புப் புரதங்கள் சிலவற்றுக்குக் கொழுப்பு வால் மாட்டுகிறது. எல்ஜிடி என்ற நொதி வாலை ஒட்டும், எல்எஸ்பி என்ற நொதி தேவையில்லாத முன்பகுதியை வெட்டும். இப்படித் தயாரான லிப்போபுரதங்களைத்தான் டிஎல்ஆர்-2 உணரி பிடிக்கிறது. ஜிபிஎஸ் செப்சிஸில் (தொற்றால் உடம்பு முழுதும் நிலைகுலைவதில்) டிஎல்ஆர்-2 வழியாக வரும் அழற்சிக்கு இவையே முதன்மைத் தூண்டிகள் என்று 2008இல் ஜெர்மன் குழு ஒன்று காட்டியது. இ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளில் இதன் இடத்தில் இருப்பது எண்டோடாக்ஸின் என்னும் வெளிச்சவ்வு நச்சு. அதன் உயிர்நாடியான லிப்பிட்-ஏவை இ.கோலை ஒன்பது நொதிகளின் தொடர் வேலையால் கட்டுகிறது. கடைசி நொதிகள் கொழுப்பு வால்களின் எண்ணிக்கையை ஆறாக்குகின்றன. ஆறு வால் உள்ளதை நம் டிஎல்ஆர்-4 மிகக் கூர்மையாக உணரும், நான்கு வால் மட்டும் உள்ளதை மனித உணரி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஒரு நொதி கூடுதலாக வேலை செய்வதா இல்லையா என்பதில் குழந்தையின் ரத்த அழுத்தம் தொங்குகிறது.

ஜிபிஎஸ்ஸின் அந்த ஆரஞ்சு நிறமிக்கு வருவோம். கிருமி பெருகப் பெருக அதுவும் பெருகுகிறது. அதனால் சவ்வுகளில் ஓட்டை விழுந்து உயிரணுவின் உள்ளிருந்து பொட்டாசியம் வெளியேறினால், என்எல்ஆர்பி-3 என்னும் உள் உணரி விழித்துக்கொள்ளும். அது காஸ்பேஸ்-1 என்ற நம் சொந்த நொதியைத் தூண்டும், காஸ்பேஸ்-1 முதிராத இன்டர்லூக்கின்-1பீட்டாவை வெட்டி முதிரவைக்கும். காய்ச்சல், நாளங்களின் கசிவு, மேலும் மேலும் சைட்டோகைன் என்று தொடரும் சங்கிலி அங்கிருந்து புறப்படுகிறது. இங்கே வெட்டும் நொதி நம்முடையது, வெட்டவைப்பது கிருமியின் நொதி தயாரித்த நச்சு.

சில கிருமிகள் இந்தச் சுற்றுவழிகூட இல்லாமல் நேரடியாக வெட்டுகின்றன. சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் லாஸ்-பி என்ற எலாஸ்டேஸும், குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸின் ஸ்பீ-பி என்ற புரத நொதியும் காஸ்பேஸ்-1 இல்லாமலே இன்டர்லூக்கின்-1பீட்டாவை முதிரவைக்கின்றன. மிகக் குறைமாதக் குழந்தைகளில் சூடோமோனாஸ் ரத்தத் தொற்று மணிக்கணக்கில் உயிரைப் பறிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. இதுவும் அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும்.

ரத்த அழுத்தம் சரிவது பற்றிக் குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள். அதற்கு சைட்டோகைன்கள் மட்டும் காரணமல்ல. சில பாக்டீரியப் புரத நொதிகள் நம் ரத்தத்தின் பிராடிகைனின் அமைப்பைத் திறந்துவிடுகின்றன. சிசு வார்டுகளில் அவ்வப்போது பரவும் செர்ரேஷியா மார்செசென்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 1980களில் ஜப்பானின் குமமோட்டோவில் ஹிரோஷி மயேடாவின் குழு, இக்கிருமியின் புரத நொதி ஒன்று ரத்தத்தின் 12ஆம் உறைகாரணியைத் தூண்டி, அதன்வழி கல்லிக்ரீன் என்னும் நம் நொதியைத் தூண்டி, கடைசியில் பிராடிகைனினை விடுவிக்கிறது என்று கண்டது. பிராடிகைனின் நாளங்களை விரிக்கும், சுவர்களைக் கசியவைக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸின் ஸ்டஃபோபெயின் நொதிகள் கைனினோஜன் என்னும் மூலப்புரதத்தை நேரடியாகவே வெட்டி அதே விளைவைத் தருகின்றன. கசிந்த ரத்தநாளங்களுக்குள் எவ்வளவு திரவம் ஏற்றினாலும் அழுத்தம் நிற்காமல், குழந்தை ஊதிப்போவதைப் பார்த்திருப்பீர்கள்.

இ.கோலை பற்றி ஒரு செய்தி, எனக்கு மிகவும் பிடித்தது. கே1 என்னும் உறை கொண்ட இ.கோலை, சிசுக்களின் மூளையுறை அழற்சியில் பெரும்பங்கு வகிப்பது. இவற்றில் சில சிஎன்எஃப்-1 என்ற நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி நம் உயிரணுவின் ரோ, ராக் என்னும் சுவிட்சுப் புரதங்களில் ஒரே ஒரு குளூட்டமினை குளூட்டமேட்டாக மாற்றிவிடும், அவ்வளவுதான். அதன்பின் அந்த சுவிட்சை அணைக்க முடியாது. கிருமி மூளையின் ரத்தத் தடுப்பைக் கடந்து நுழைய இது வழிவிடுகிறது. ஆனால் நம் உயிரணு, கிருமியின் உருவத்தைப் பார்க்காமலேயே, "என் சுவிட்ச் ஏன் அணையவில்லை?" என்ற கேள்வியிலிருந்தே திருடன் உள்ளே இருப்பதைக் கண்டுகொள்கிறது. என்எல்ஆர்பி-3 தூண்டப்பட்டு அழற்சி எழுகிறது. எலிகளின் ரத்தத்தில் இந்த நொதி இருந்த கிருமி விரைவாக அகற்றப்பட்டது. கிருமியின் நொதிக்கு எதிராக வரும் அழற்சி இங்கே குழந்தைக்குக் காவல். அழற்சி என்றாலே கெடுதல் என்று எண்ணி அதை அணைக்கத் துடிப்பது ஏன் ஆபத்து என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டி வரும்போதெல்லாம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

மிகக் குறைமாதக் குழந்தைகளில் வாரங்கள் கழித்து, பெரிய ரத்தநாளத்தில் செருகும் சென்ட்ரல் லைன் குழாய் வழியாக வரும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸின் கதை இவ்வளவு நாடகத்தனமானது அல்ல. அதன் புரத நொதிகள் தோலின் கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளைச் சிதைக்கும், வேறு நொதிகள் குழாயின் மேல் பிசின் போன்ற சர்க்கரைப் படலத்தைக் கட்டும். உயிரைப் பறிப்பது குறைவு. ஆனால் நாள்கணக்கில் புகையும் அந்தக் குறைந்த அளவு அழற்சி நுரையீரலுக்கும், வளர்ந்துகொண்டிருக்கும் மூளையின் வெண்பொருளுக்கும் கேடு. கடுமையான நோய் இல்லை என்று அதை இலேசாக எடுத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை.

அப்படியானால் நொதியைத் தடுக்கும் மருந்து, அல்லது எதிர்ப்பாற்றலைத் தூக்கிவிடும் மருந்து கொடுக்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். இரண்டாவதைப் பெரிய அளவில் முயன்றாயிற்று. சிசு செப்சிஸில் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள்) ஏற்றினால் பலன் உண்டா என்று ஒன்பது நாடுகளில் 3493 குழந்தைகளிடம் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. இரண்டு வயதுக்குள் இறந்தவர்கள் அல்லது பெரிய குறைபாட்டுடன் இருந்தவர்கள், மருந்து பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் 39 சதவீதம். ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. நல்ல எண்ணத்தோடு பல இடங்களில் கொடுத்துவந்த மருந்து அது. நொதித் தடுப்பான்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. எனக்குத் தோன்றும் தடை இதுதான்: கிருமிக்கு ஒரு நொதி போனால் அதே வேலைக்கு இன்னொன்று இருக்கிறது, நமக்கோ எந்தக் கிருமி என்று தெரிய கல்ச்சர் வரும்வரை காத்திருக்க வேண்டும். தாய்க்குத் தடுப்பூசி போட்டு, சி5ஏ பெப்டிடேஸ் போன்ற மேற்பரப்பு நொதிகளுக்கு எதிரான ஐஜிஜியைக் குழந்தைக்கு முன்கூட்டியே அனுப்பும் யோசனை எனக்கு அதைவிட நம்பிக்கை தருகிறது. ஆனால் மிக முன்னதாகப் பிறந்துவிடும் குழந்தைக்கு அது போய்ச் சேராது.

ஆன்டிபயாடிக் பற்றியும் ஒரு சொல். பெனிசிலின் வகை மருந்துகள் கிருமியின் சுவரைக் கட்டும் நொதிகளைப் பூட்டுகின்றன. அதன்பின் கிருமியின் சொந்த சுவர்வெட்டி நொதிகள் தொடர்ந்து வெட்ட, அது வெடித்துச் சாகிறது. அப்போது சுவர்த்துண்டுகளும் லிப்போபுரதங்களும் கொட்டுகின்றன. மருந்து ஏற்றிய சில மணிநேரத்தில் குழந்தை சற்று மோசமானதுபோல் தெரிந்தால் இதுவும் காரணமாகலாம். அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. கோடிக் கிருமிகள் உடைவதைவிட ஆயிரம் உடைவது மேல் என்ற எளிய கணக்கே, சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதற்கான வாதம்.

இனி உங்கள் முதல் நாள் சிஆர்பிக்கு வருகிறேன். சிஆர்பியை கல்லீரல் செய்கிறது, இன்டர்லூக்கின்-6 வந்து சொன்ன பிறகுதான் செய்கிறது. சொன்ன பிறகும் ரத்தத்தில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உயரப் பல மணிநேரம் ஆகும், உச்சம் தொட ஒன்று இரண்டு நாள் ஆகும். மேலே விவரித்த நொதிகள் இன்டர்லூக்கின்-6 எழும் முன்பே, உணரிகளின் மட்டத்திலேயே, கதவை அடைத்திருக்கக்கூடும். எனவே நீங்கள் முதலில் ரத்தம் எடுத்த நேரத்தில் கல்லீரலுக்குச் செய்தியே போயிருக்காது, அல்லது அப்போதுதான் போயிருக்கும். பரிசோதனை தவறில்லை, எடுத்த நேரம் முந்தியது. அதனால்தான் அறிகுறி இருக்கும் குழந்தையில் ஒற்றை சிஆர்பியை வைத்துத் தொற்று இல்லை என்று சொல்லாமல், மணிக்கணக்கு இடைவெளியில் திரும்பவும் எடுக்கிறார்கள்.

அன்று இரவு உங்களிடம் இருந்த தகவல் இரண்டே இரண்டு: பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லிட்டிருக்கிறது. கிருமியின் நொதிகளால் அடைக்க முடியாமல் போன குரல் அந்த இரண்டும்தான், அதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவரை எழுப்பி கல்ச்சர் எடுக்கவைத்ததாக எழுதியிருந்தீர்கள். மறுநாள் கிருமியின் பெயர் தெரிந்தது அந்த ஒரு குப்பி ரத்தத்தால்.